ஸாய் குழி: முதலில் எருவை அளந்து பாருங்கள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் வடக்கே யாடெங்கா பகுதியில் மண் பொருக்குத் தட்டி இறுகிக் கிடக்கும். மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். அந்த நிலத்தில்தான் 1980களில் யாக்குபா சவாதோகோ போன்ற விவசாயிகள் மழைநீரைத் தேக்கி அதிலேயே விதை ஊன்றும் பழைய ஸாய் குழியை அகலமாக வெட்டி, எருவிட்டுப் பயிர் எடுத்தார்கள்.

இதை ஊரில் தொடங்கி வைக்கப் போகிறவர் ஆள்கணக்கைப் பிறகு பார்க்கலாம், எருக்கணக்கை முதலில் போட வேண்டும். குழிக்குக் குழி 80 செ.மீ. என்றால் ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 15,600 குழி. குழிக்கு இரண்டு கை, அதாவது 300 கிராம் மக்கிய எரு வீதம் 4.7 டன் வேண்டும். அரை டன்தான் இருக்கிறதா? 1,600 குழியோடு நிறுத்துங்கள். எருவில்லாத குழியில் தண்ணீர் தேங்கும். பயிர் மட்டும் மஞ்சளாகவே நிற்கும், ஏனென்றால் அது வெறும் அடிமண்.

வெட்டுவது மழையில்லாத மாதங்களில், அங்கே நவம்பர் முதல் மே வரை. அகலம் 20–40 செ.மீ., ஆழம் 15–20 செ.மீ. தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் குவியுங்கள்; மேற்பக்கம் போட்டால் வரும் தண்ணீரை அதுவே தடுத்துவிடும். அடுத்த வரிசைக் குழி, முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேராக வரட்டும். ஹெக்டேருக்குச் சுமார் 300 மணி நேர வேலை, இடுப்பு விட்டுப்போகும்.

மழைக்கு முன்பே எருவிட்டு லேசாக மண் மூடுங்கள். கறையான் வரும், மருந்தடிக்க வேண்டாம். அது துளைக்கும் வழியாகத்தான் தண்ணீர் கீழே இறங்குகிறது. மக்காத பச்சை எரு கூடாது, சூட்டில் வேர் கருகும். நல்ல மழை ஒன்று பெய்ததும் சோளமோ கம்போ எட்டுப் பத்து விதை ஊன்றி, முளைத்தபின் மூன்று நாற்றை விட்டு மற்றதைப் பிடுங்குங்கள்.

மணல் நிலத்தில் குழி சரிந்துவிடும். ஆண்டுக்கு 800 மி.மீ.க்கு மேல் மழை பெய்தால் வேர் அழுகும். வெள்ளம் வேகமாக இறங்கும் சரிவில் குழிகளுக்கு மேலே கல்வரப்பு அவசியம். மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயும் இரண்டு கம்பும் போதும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் வரப்பு கோணும், பள்ளமான இடத்தில் உடைப்பெடுக்கும்.

எருவோடு வந்த மரவிதையும் குழியில் முளைக்கும். அங்கே தட்டையை 50 செ.மீ. விட்டு அறுத்தால், ஆடு மரக்கன்றைக் கடிக்காது.