சிலப்பதிகாரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதணுமா? முதலில் கதையை மூடி வையுங்கள்

கல்லூரி முதலாண்டில் சிலப்பதிகாரத்தைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரை பதினொரு பக்கம். புகாரில் கல்யாணத்தில் தொடங்கி, செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் கட்டியது வரை ஒன்றையும் விடவில்லை. ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "கதை எனக்கும் தெரியும்." அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது நானே தாள் திருத்துகிறேன், பத்தில் ஏழு தாளில் அதே வரியை எழுதக் கை துடிக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். அந்த ஏழு பேருக்காகத்தான் இது. உதாரணம் முழுக்க சிலம்பு, ஆனால் மணிமேகலைக்கோ கம்பராமாயணத்துக்கோ எழுதினாலும் வேலை இதே வேலைதான்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

"சிலப்பதிகாரத்தில் ஊழ்வினை" என்று தலைப்பு கொடுப்பார்கள். அதில் கேள்வியே இல்லை, வெறும் பெயர்ப்பலகை. உடனே நம் கை தானாகப் பதிகத்துக்கு, அதாவது நூலின் முகப்புப் பாட்டுக்குப் போகும். அரசியலில் தவறியவர்களுக்கு அறமே எமனாகும், பத்தினியை உயர்ந்தவர்களும் போற்றுவார்கள், ஊழ்வினை தேடிவந்து பலனை ஊட்டும் என்று மூன்று மையக்கருத்தும் அங்கே தயாராக இருக்கின்றன, ஆளுக்கு ஒரு பத்தி, அதில் கொஞ்சம் கதை, முடிந்தது கட்டுரை. நூல் தானே சொல்லிவிட்டதை நீங்கள் திரும்பச் சொன்னால் அதற்கு எதற்கு மார்க்?

அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதும் மூன்றாவதும் முட்டிக்கொள்கின்றன. எல்லாமே ஊழ் என்றால் பாண்டியன் மேல் என்ன பிழை? பிழை அவனுடையது என்றால் ஊழுக்கு இங்கே என்ன வேலை? இதுதான் கேள்வி. நூலுக்குள் இரண்டு விஷயம் ஒத்துப்போகாமல் நிற்கும் இடம் கிடைத்தால் கட்டுரையில் பாதி கிடைத்தது போல.

படி 2: எல்லாவற்றையும் படிக்காதீர்கள்

ஆசிரியர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை. மூன்று காண்டம், 30 காதை (அத்தியாயம் மாதிரி). நாளை மறுநாள் தாள் கொடுக்க வேண்டியவர் எல்லாவற்றையும் மூலத்தில் படிப்பது நடக்காது, படிப்பதாகச் சொல்லிவிட்டு நோட்ஸைப் பார்த்து எழுதுவதுதான் நடக்கும். அதைவிட உங்கள் கேள்விக்குத் தேவையான ஐந்து காதையை எடுத்து ஒழுங்காகப் படிப்பது மேல். நம் கேள்விக்கு கானல்வரி, கனாத்திறம் உரைத்த காதை, கொலைக்களக் காதை, வழக்குரை காதை, கட்டுரை காதை போதும். கதை மறந்திருந்தால் ஒரு சுருக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

உரையோடு படியுங்கள். ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரை தொடக்கக்காரருக்குக் கைகொடுக்கும், தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் மூலமும் உரையும் இருக்கின்றன. பென்சில் கையில் இருக்கட்டும்.

படி 3: ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள், கட்டுரை பிறப்பது இங்கேதான்.

கொலைக்களக் காதையில் பாண்டியன் கோவலனைக் கொல்லச் சொல்லும் இடம். அவையில் நடந்த கூத்தைப் பார்த்து ஊடல் கொண்ட அரசி, தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்துபோய்விட்டாள். அவளைச் சமாதானம் செய்ய அரசன் அந்தப்புரம் நோக்கிப் போகிறான், வாசலில் பொற்கொல்லன் காலில் விழுந்து, திருடன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அப்புறம் இந்த இரண்டு வரி:

"வினைவிளை கால மாதலின் யாவதும்
சினையலர் வேம்பன் தேரா னாகி"

வினை பலன் தரும் காலம் ஆகிவிட்டதால், வேப்பம்பூ மாலைக்காரனான பாண்டியன் சிறிதும் ஆராயாதவனாகி, சிலம்பு திருடன் கையில் இருந்தால் அவனைக் கொன்று கொண்டுவாருங்கள் என்று காவலர்களை ஏவுகிறான். முதல் வரியில் ஊழ். இரண்டாவது வரியில் "தேரானாகி", விசாரிக்காதவனாகி. இளங்கோ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார்.

இப்போது வழக்குரை காதைக்கு வாருங்கள். கண்ணகி அரசன் முன்னால் நிற்கிறாள். யார் நீ என்று அவன் கேட்டதும் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல்: "தேரா மன்னா". அதே தேர்தல் (ஆராய்தல்), அதே எதிர்மறை. அரண்மனை வாசலில் நடந்தது அவளுக்குத் தெரியாது, அவள் அங்கே இல்லை. கவிஞர் நமக்கு மட்டும் காதில் சொன்ன சொல்லை அவள் அவையில் உரக்கச் சொல்கிறாள்! இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்குச் சிலிர்த்தது, மிகைப்படுத்தவில்லை. ஆனால் அவள் ஊழ் என்ற பாதியைச் சொல்லவில்லை, பிழை என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

சரி, இன்னொரு இடம் இருக்கிறதா என்று தேடுங்கள், ஒரே ஒரு இடத்தை வைத்து வாதம் கட்டினால் காற்றடித்தால் விழும். கானல்வரியின் கடைசிக்குப் போங்கள். மாதவி யாழெடுத்துப் பாடுகிறாள், வேறு யாரையோ நினைத்துப் பாடுகிறாள் என்று கோவலன் தானாக நினைத்துக்கொண்டு, அணைத்திருந்த கையைத் தளர்த்தி எழுந்து போகிறான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயும் "ஊழ்வினை வந்து உருத்தது ஆகலின்" என்று இருக்கிறது. ஆக, ஊழ் வந்தது என்று கவிஞர் சொல்லும் இரண்டு முக்கியமான இடத்திலும் ஒரு ஆண் விசாரிக்காமல் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறான்.

கோவலன் தானே பின்னால் இதை ஒப்புக்கொள்கிறான். புறஞ்சேரி இறுத்த காதையில் மாதவியின் ஓலையைப் படித்ததும் தவறு அவளிடம் இல்லை, தன்னிடம்தான் என்று உணர்கிறான். பாண்டியனுக்கு அந்த உணர்வு சிலம்பு உடைந்த பிறகுதான் வருகிறது.

படி 4: பாத்திரத்துக்குப் பட்டம் கொடுக்காதீர்கள்

"கண்ணகி பொறுமையின் சிகரம், கற்பின் கனல், அன்பின் ஊற்று." இது பாத்திர ஆய்வு இல்லை, பொன்னாடை. பெயரடைகளை எல்லாம் அடித்துவிட்டு, அவள் என்ன பேசுகிறாள், எங்கே பேசாமல் இருக்கிறாள் என்று வரிசையாக நோட்டில் எழுதுங்கள். நான் எழுதியதைத் தருகிறேன்.

மனையறம் படுத்த காதை: கோவலன் மாசறு பொன்னே, வலம்புரி முத்தே என்று கொஞ்சிக்கொண்டே போகிறான், அவள் ஒரு சொல் பேசவில்லை. கனாத்திறம் உரைத்த காதை: குளத்தில் முழுகி, காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்று தோழி தேவந்தி சொல்ல, "பீடன்று" என்று ஒரே சொல்லில் முடிக்கிறாள், அது பெருமை இல்லை. அதே காதையில் கோவலன் வந்து சொத்தெல்லாம் போனது, வெட்கமாக இருக்கிறது என்றதும் சிரித்த முகத்தோடு "சிலம்புள கொண்ம்", சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள். நாடுகாண் காதை: கால் நொந்து மூச்சு வாங்க, மதுரை எது என்று கேட்கிறாள். முப்பது காதம் என்று சொன்னால் பயப்படுவாளோ என்று "ஆறைங் காதம்", பக்கம்தான் என்று சிரித்துச் சமாளிக்கிறான் அவன். கொலைக்களக் காதை: அவன் சாவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், அவன் முகத்துக்கு நேரே, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்". பெரியவர்கள் போற்றாத நடத்தையை நடந்தீர்கள் என்கிறாள்.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, வாய் பேசாத பெண் மதுரையில் திடீரென்று எரிமலை ஆனாள் என்று எழுத முடியுமா? முடியாது. தேவந்தியிடம் சொன்ன அந்த "பீடன்று" எவ்வளவு கறாரானது என்று யோசித்துப் பாருங்கள். அவள் குறைவாகப் பேசுபவள், அவ்வளவுதான், தீர்ப்பு சொல்லும் குணம் அவளிடம் புகாரிலேயே இருக்கிறது.

படி 5: எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்

"இக்கட்டுரை ஊழ்வினையைப் பற்றி ஆராய்கிறது" என்பது வாதம் இல்லை. யாராவது மறுத்துப் பேச முடிகிற மாதிரி இருக்க வேண்டும். நம்முடையது: "சிலப்பதிகாரத்தில் ஊழ், விசாரிக்காத மனிதர்கள் வழியாகவே வேலை செய்கிறது, அதனால் அது பாண்டியனின் பிழையைக் காட்டுகிறதே தவிர மன்னிக்கவில்லை." இதை வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "அப்படியா, எப்படிச் சொல்றே?" என்று கேட்டால் சரியான வாக்கியம். "ம்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பினால் மாற்றி எழுதுங்கள்.

படி 6: ஒரு பத்தி எழுதும் முறை

வழக்கமாக வரும் பத்தி இது: "கண்ணகி அவைக்கு வந்து நீதி கேட்டாள். தன் சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. அரசன் உயிர் துறந்தான். இதிலிருந்து ஊழின் வலிமையை அறியலாம்." கடைசி வாக்கியம் எங்கிருந்து குதித்தது என்று அதற்கே தெரியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "பாண்டியன் செய்யத் தவறிய விசாரணையைக் கண்ணகி தானே நடத்துகிறாள். என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்று முதலில் சொல்லிவிடுகிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அரசனும் சொல்கிறான். அதன் பிறகே சிலம்பு உடைகிறது. இரண்டு தரப்பும் வாய்மொழி கொடுத்த பின் சான்று வருகிறது. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று சற்றுமுன் சொன்ன அரசன், 'யானோ அரசன் யானே கள்வன்' என்று தன் சட்டத்தைத் தன்மீதே திருப்பிக்கொள்கிறான். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டதைத் தன் குற்றமாகச் சொல்லும் அவன், ஊழைக் காரணம் காட்டவில்லை."

வித்தியாசம் என்னவென்றால், முதல் வாக்கியத்திலேயே வாதம் வந்துவிட்டது, கதை அதற்குச் சாட்சி சொல்ல மட்டும் வருகிறது. மேற்கோள் இரண்டு வரியைத் தாண்டக் கூடாது, மேற்கோள் காட்டினால் அதில் ஒரு சொல்லையாவது தொட்டுப் பேச வேண்டும்.

படி 7: உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே கூப்பிடுங்கள்

நம் வாதத்துக்கு இரண்டு இடம் இடிக்கிறது. ஒன்று கட்டுரை காதை: மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி வந்து, முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் இருந்து சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பிடித்துக் கொன்றான், அந்த வணிகன் மனைவியின் சாபம்தான் இது என்கிறது. மறைக்காதீர்கள், எடுத்துப் பாருங்கள். அந்தப் பழைய கதையிலும் ஒருவன்மேல் பொய்ப்பழி விழுந்து உயிர் போகிறது! வினை என்று சொல்லப்படுவதே இன்னொரு விசாரிக்காத கொலைதான். இடித்தது நமக்கே துணையாக வந்துவிட்டது.

இரண்டாவது அவ்வளவு சுலபம் இல்லை. வாழ்த்துக் காதையில் தெய்வமான கண்ணகியே "தென்னவன் தீதிலன்" என்கிறாள், நான் அவன் மகள் என்கிறாள். அப்புறம் பிழை எங்கே போனது? உயிரைக் கொடுத்து அவன் கணக்கைத் தீர்த்துவிட்டான், அதனால் இப்போது தீதில்லை என்று நான் படிக்கிறேன். உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம், தோன்றினால் அதை எழுதுங்கள், அது என்னுடையதைவிட நன்றாகவே இருக்கக்கூடும்.

படி 8: முன்னுரை கடைசியில்

"தமிழன்னைக்கு அணிகலனாக விளங்கும் ஐம்பெருங்காப்பியங்களுள்..." வேண்டாம், தயவுசெய்து. கட்டுரை முடிந்த பிறகு, படி 5 வாக்கியத்தையும் படி 1 கேள்வியையும் சேர்த்து நாலு வரி எழுதினால் அதுவே முன்னுரை.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை சரிபாருங்கள். இணையத்திலோ ஏதாவது செயலியிலோ கிடைத்த மேற்கோளை மூலத்தில் தேடிப் பார்த்தீர்களா, காதையின் பெயர் சரியா, கோவலன் சொன்னது கண்ணகி வாயில் போய்விட்டதா. அப்புறம் முக்கியமாக, வருஷாவருஷம் இரண்டு மூன்று பேராவது மாற்றி எழுதுகிறார்கள்: கண்ணகி சிலம்பில் மாணிக்கம், அரசி சிலம்பில் முத்து.