வெறுப்புக்குப் பதில் எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஓர் இனத்தையோ மதத்தையோ கேவலமாகத் திட்டி ஒருவர் எழுதியதைப் பார்த்ததும் ரத்தம் கொதிக்கிறது. நாமும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வருகிறோம். மனது ஆறிவிடும், சரி. அப்புறம் அவருடைய ஆட்கள் வருவார்கள். பேச வந்த விஷயம் காணாமல் போய், யார் யாரை முதலில் திட்டியது என்பதே பேச்சாகிவிடும். வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருப்பவர்கள்தான் எங்கேயும் அதிகம். அடுத்து எழுதப்போகிறவர் அவர்களில் ஒருவர்தான். நம் பதில் அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

தனியாகப் போய் மாட்டிக்கொள்வது அடுத்த தவறு. ஸ்வீடனில் பத்திரிகையாளர் மினா டென்னெர்ட் 2016இல் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பொருள்படும் பெயரில் ஒரு ஃபேஸ்புக் குழுவைத் தொடங்கினார். அதைப் பார்த்து ஜெர்மனியிலும் ஒன்று கிளம்பியது. செய்திகளுக்குக் கீழே வசவு குவியும் இடத்தில் உறுப்பினர்கள் நிதானமாக எழுதுவார்கள். ஒருவர் எழுதியதற்கு மற்றவர்கள் லைக் போடுவார்கள். லைக் கூடக் கூட அந்தப் பதில் மேலே ஏறும், வசவு கீழே போகும். ஜெர்மன் ட்விட்டரில் நடந்த 1,80,000 அரசியல் உரையாடல்களை அலசிய ஆய்வும், கூடிச் சொல்லும் பதிலுக்கே பலன் அதிகம் இருக்கலாம் என்கிறது. வெறுப்பு குறைந்ததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல ஆய்வாளர்கள் தயாராக இல்லை.

கிண்டல் செய்தால் அடங்கிவிடுவார்கள் என்று நினைப்பதும் தவறுதான். 2021இல் வெளியான சுவிஸ் ஆய்வு ஒன்றில், இனவெறியோடு எழுதிய 1,350 ட்விட்டர் பயனர்களில் சிலருக்குக் கிண்டலாகவும், சிலருக்கு 'நீங்கள் எழுதுவதை உங்களுக்கு வேண்டியவர்களும் பார்ப்பார்கள்' என்ற எச்சரிக்கையாகவும், சிலருக்கு 'இது மனிதர்களைப் புண்படுத்துகிறது' என்றும் பதில் போனது. மூன்றாவதுதான் கொஞ்சமாவது வேலை செய்தது. கிண்டலே என் ஆயுதம் என்பதால் எனக்கு இது கசக்கத்தான் செய்தது.

பாதிக்கப்பட்டவர்களே பேசிக்கொள்ளட்டும் என்று ஒதுங்கவும் கூடாது. அமெரிக்காவில் கறுப்பர்களை இழிசொல்லால் அழைத்த வெள்ளையர்களை, கெவின் மங்கர் என்ற ஆய்வாளர் போலிக் கணக்குகள் வழியே கண்டித்துப் பார்த்தார். வெள்ளையராகத் தெரிந்த, நிறையப் பேர் பின்தொடர்ந்த கணக்கு சொன்னபோதுதான் அந்தச் சொல் கணிசமாகக் குறைந்தது.

'பாருங்கள் இந்த அநியாயத்தை' என்று வெறுப்புப் பதிவையே பகிர்ந்தால், அதுவரை பத்துப் பேர் பார்த்ததை நாமே ஊருக்குக் காட்டுகிறோம். கொலை மிரட்டல் என்றால் பதிலே வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.