பீன்யா தொழிற்கூடத்துக்கு நிர்வாக மென்பொருள்: சலானிலிருந்து தொடங்குங்கள்

பெங்களூரு பீன்யாவில் லேத்தும் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்களும் வைத்து உதிரிபாகம் செய்துகொடுக்கும், நாற்பது பேர் வேலைபார்க்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கொட்டேஷன் எக்செல்லில் இருக்கும். வரவுசெலவு டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும். இருப்பு ஸ்டோர்ஸ்காரரின் நோட்டில் இருக்கும். முலாம் பூச வெளியே போன சரக்கின் கணக்கு முதலாளியின் நினைவில் மட்டுமே இருக்கும். இந்த நிலையில் மென்பொருள் தேடுகிறவர்கள் முதலில் விற்பனையாளரை அழைத்து டெமோ பார்க்கிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு உள்ளன.

படி 1: ஓர் ஆர்டரின் பயணத்தை எழுதுங்கள்

சென்ற மாதம் முடிந்த ஏதேனும் ஓர் ஆர்டரை எடுத்து, வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டர் வந்த நாளிலிருந்து பணம் வங்கியில் சேர்ந்த நாள்வரை எந்தக் காகிதம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை வரிசையாக எழுதுங்கள். எங்கே எழுத முடியாமல் பேனா நிற்கிறதோ, அங்கேதான் உங்களுக்கு மென்பொருள் தேவைப்படுகிறது. உதிரிபாகத் தொழிலில் அந்த இடம் பெரும்பாலும் ஜாப் வொர்க்தான், அதாவது நம் சரக்கை வெளிப் பட்டறைக்கு அனுப்பி வேலை செய்து வாங்குவது.

கடைந்து முடித்த 500 துண்டுகளை ஓசூரில் உள்ள முலாம் பட்டறைக்கு அனுப்புகிறீர்கள், திரும்பி வந்தவை 488, ஒன்பது கழிவு, மூன்று எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஓசூர் ஒரு மணி நேரப் பயணம்தான் என்றாலும், உங்கள் ஜிஎஸ்டி எண் 29 என்றும் பட்டறையின் எண் 33 என்றும் தொடங்குவதால் அது வேறு மாநிலம். மாநிலம் தாண்டி ஜாப் வொர்க்குக்கு அனுப்பும் சரக்குக்கு, இ-வே பில்லின் (சரக்கு வண்டியில் போக எடுக்கும் மின்னணுச் சீட்டு) வழக்கமான 50,000 ரூபாய் வரம்பு பொருந்தாது. மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் எடுக்க வேண்டும். அனுப்பிய மூலப்பொருளோ பாதி முடிந்த பொருளோ ஓராண்டுக்குள் திரும்பவில்லையென்றால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரியும் வட்டியும் கேட்கப்படும். ஆகவே, சலான் (சரக்குடன் அனுப்பும் சீட்டு) வாரியாக எத்தனை போனது, எத்தனை வந்தது, எத்தனை நிலுவை, எத்தனை நாளாக நிலுவை என்று ஒரே திரையில் காட்டாத மென்பொருள், மற்ற எதில் சிறந்திருந்தாலும், இந்தத் தொழிலுக்கு ஆகாது என்பது என் கருத்து.

படி 2: சட்டம் கேட்பதைத் தனியே குறியுங்கள்

2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனியாகப் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிவுசெய்ய வேண்டும். அந்தப் பதிவை அணைத்துவைக்க வழி இருக்கக் கூடாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், பிற நிறுவனங்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிவுசெய்த மின்னணு பில், தேவை. இவை பேரம்பேசக் கூடியவை அல்ல. உங்கள் ஆடிட்டரிடம் பட்டியலைக் காட்டி, விடுபட்டதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: உங்கள் காகிதத்தில் டெமோ கேளுங்கள்

விற்பனையாளரின் மாதிரித் தரவில் எல்லாம் அழகாகத்தான் ஓடும். முதல் படியில் எழுதிய ஆர்டரையே கொடுத்து, அந்த 488ஐயும் ஒன்பது கழிவையும் உங்கள் கண்முன் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பதிவுசெய்கிறவர் தடுமாறினால், உங்கள் ஸ்டோர்ஸ்காரர் என்ன ஆவார் என்று எண்ணிப்பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கணக்குதான் முதன்மை, இருப்பு எளிது என்றால், பெங்களூரிலேயே பிறந்த டேலி போதும். கணக்கரும் ஆடிட்டரும் ஏற்கெனவே அறிந்தது என்பது சிறிய வசதியன்று. உற்பத்தியும் ஜாப் வொர்க்கும் சேர்ந்தே வேண்டுமென்றால், மும்பையில் உருவான திறந்தமூல மென்பொருளான இஆர்பிநெக்ஸ்ட், பெல்ஜியத்தின் ஓடூ ஆகியவற்றைப் பார்க்கலாம். திறந்தமூலம், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது, என்றால் உரிமக் கட்டணம் மிச்சம், அவ்வளவுதான். சர்வர், பேக்கப், நிறுவித் தருபவரின் கூலி ஆகியவை இருக்கவே இருக்கின்றன. ஓடூவில் இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் தனித்தனி என்பதால், டெமோவில் காட்டியது எந்தப் பதிப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4: பொருள் பட்டியலைச் சீராக்குங்கள்

ஒரே பேரிங்கை ஒருவர் 6204 என்றும், இன்னொருவர் 20 மில்லிமீட்டர் பேரிங் என்றும் பதிந்தால், கணினியில் அது இரண்டு பொருள். ஆயுத பூஜைக்குக் கூடத்தைத் துடைத்துக் கழுவும் நாட்களில், ஒவ்வோர் அடுக்கையும் எண்ணிப் பெயரிட்டு முடித்துவிடலாம்.

அளவையும் கவனியுங்கள். எஃகுக் கம்பியைக் கிலோவில் வாங்கி மில்லிமீட்டரில் வெட்டுகிறோம். மில்லிமீட்டரில் அளந்த விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும் என்பது பட்டறையில் எல்லோரும் அறிந்த கணக்கு. 25 மில்லிமீட்டர் கம்பிக்கு அது சுமார் 3.86 கிலோ. இந்த மாற்று விகிதத்தை ஒவ்வொரு கம்பிக்கும் தொடக்கத்திலேயே பதிந்துவிட வேண்டும்.

படி 5: மாற்றங்களைச் சிறியதிலிருந்து செய்யுங்கள்

முதலில் அமைப்புகளில் தீர்கிறதா என்று பாருங்கள். அடுத்து, படிவத்தில் ஒரு கட்டம் கூட்டுவது, வேண்டாத கட்டங்களை மறைப்பது, பில்லின் அச்சு வடிவத்தை மாற்றுவது. ஸ்டோர்ஸில் கன்னடமும் தமிழும் இந்தியும் பேசுகிறவர்கள் மாறிமாறி உட்காருவார்கள் என்றால், சரக்கு வழங்கும் திரையில் பொருள், அளவு, வேலை எண், பெறுபவர் ஆகிய நான்கு கட்டங்களை மட்டும் விட்டுவைப்பது பெரிய உதவி. நிரல் எழுதுவது கடைசி வழி. ஏனென்றால் ஓடூ போன்றவற்றில் ஆண்டுதோறும் புதிய பதிப்பு வரும்போது, உங்களுக்காக எழுதிய நிரலைத் திரும்பவும் சரிசெய்யக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். டேலிக்கு அதன் சொந்த நிரல்மொழியான டிடிஎல்லில் மாற்றம் எழுதி வாங்கினால், இயங்கும் கோப்புடன் மூல நிரலையும் கேட்டு வாங்குங்கள். எழுதியவர் ஊர் மாறிவிட்டால் அடுத்தவர் தொடர அதுதான் வேண்டும்.

படி 6: மாறும் நாளைக் குறியுங்கள்

வரவுசெலவுக் கணக்குக்கு ஏப்ரல் 1 நல்ல நாள். தொடக்க இருப்புகள் குழப்பமின்றி வரும். ஆனால் சரக்கு, சலான் பகுதியை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவது மேல். முதல் மாதம் பழைய நோட்டையும் நிறுத்தாமல், சனிக்கிழமைதோறும் பத்துப் பொருள்களை அடுக்கில் எண்ணி, நோட்டுடனும் திரையுடனும் ஒப்பிடுங்கள். தொடர்ந்து நான்கு சனிக்கிழமைகள் மூன்றும் ஒத்துவந்த பிறகு நோட்டை மூடிவைக்கலாம்.