ஆபீஸ் ஆன்லைன் ட்ரெய்னிங்கை உருப்படியா டிசைன் பண்றது எப்படி

ஸ்டாஃபுக்கு ஆன்லைன் ட்ரெய்னிங் வேணும்னதும் நிறைய பேர் பழைய பிபிடிக்கு வாய்ஸ் குடுத்து ஏத்திடுறாங்க, அது கோர்ஸே இல்லங்க. முதல்ல வேலை எங்க இடிக்குதுன்னு பாருங்க. ஒரே கம்ப்ளைன்ட்டுக்கு கஸ்டமர் திரும்பத் திரும்ப கால் பண்றாரா? அப்போ "கஸ்டமர் சர்வீஸின் முக்கியத்துவம்"னு தலைப்பு வச்சு பிரயோஜனமில்ல, "முதல் கால்லயே ஆர்டர் நம்பர், பிரச்சனை, அவருக்கு என்ன வேணும், மூணையும் கேட்டு டிக்கெட்ல (கம்ப்ளைன்ட்டைப் பதியற ஃபார்ம்) எழுதணும்"னு செய்யற காரியமா எழுதுங்க.

அடுத்து கேள்விகள், இங்கதான் உங்க நேரத்தைக் கொட்டணும். "டிக்கெட் என்றால் என்ன?"ன்னெல்லாம் கேக்காதீங்க ப்ளீஸ். ஒருத்தர் கோவமா பேசுற ஆடியோவைப் போட்டு, காலி டிக்கெட் ஃபார்மைக் குடுத்து நிரப்பச் சொல்லுங்க, எதையாவது விட்டுட்டா வெறுமனே "தவறு"ன்னு காட்டாம அந்த டிக்கெட்டை அடுத்து எடுக்கிறவர் எங்க முழிப்பார்னு காட்டுங்க, அது மனசுல நிக்கும்.

வீடியோ சின்னதா போதும், ஒரு வீடியோவுக்கு ஒரு வேலை. சப்டைட்டில் கண்டிப்பா வேணும்.

படிச்சது எவ்ளோ வேகமா மறக்குதுன்னு ஞாபகசக்தியை ஆராய்ஞ்ச ஜெர்மன் சைக்காலஜிஸ்ட் எபிங்ஹாஸ் 1885லயே எழுதிட்டார், அதனால கோர்ஸ் முடிஞ்சு ரெண்டு நாள், ஒரு வாரம், ஒரு மாசம்னு கேப் விட்டு குட்டி குட்டி கேள்வி அனுப்புங்க, பாக்காம ஞாபகப்படுத்தி பதில் சொல்றதே பாதி படிப்பு.

கம்ப்ளீஷன் 100%னு ரிப்போர்ட் காட்டி சந்தோஷப்படறது வேஸ்ட், நெக்ஸ்ட் பட்டனை அமுக்கினாலே அது வந்துடும். ட்ரெய்னிங் பலிச்சுதான்னு அளக்க கிர்க்பாட்ரிக்னு ஒருத்தர் சொன்ன நாலு லெவல்ல பாருங்க: பிடிச்சுதா, கத்துக்கிட்டாங்களா, வேலையில செய்றாங்களா, ரிசல்ட் மாறுச்சா. மூணாவதுக்கு மேனேஜர்கிட்ட சில டிக்கெட்டைத் தொறந்து பாக்கச் சொன்னாலே போதும். ஆங், படிக்கிற நேரத்தை டியூட்டி டைம்லயே ஒதுக்கச் சொல்லி அவர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.