பி.எம்.எஸ். நாட்களில் தளர்வுப் பயிற்சி: எங்கே தவறுகிறோம்?

மாதவிலக்குக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே மார்பு கனத்து, வயிறு உப்பி, தலை வலித்து, யார் எது கேட்டாலும் எரிந்து விழத் தோன்றுகிறதே, அதைத்தான் டாக்டர்கள் பி.எம்.எஸ். என்கிறார்கள். கருமுட்டை வெளியான பிறகு ஹார்மோன்கள் ஏறி இறங்குவதால் உடம்பிலும் மனசிலும் வரும் மாற்றம் அது. இரத்தப்போக்கு தொடங்கிய சில நாட்களில் அடங்கிவிடும். சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை. மூச்சையும் தசையையும் நிதானப்படுத்தும் தளர்வுப் பயிற்சி இதற்கு உண்மையாகவே உதவும். ஆனால் நம் ஊர்ப் பெண்கள் பலர் "செஞ்சு பார்த்தேன், ஒண்ணும் ஆகல" என்று இரண்டே நாளில் விட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் கோளாறு செய்யும் விதத்தில்தான் இருக்கிறது.

முதல் தவறு, பெரிய தவறும் இதுதான்: தொல்லை வந்த பிறகு ஆரம்பிப்பது. கும்பகோணத்தில் காலேஜ் முடிந்து பாபநாசம் வரை பஸ்ஸில் நின்றபடியே வந்து, இடுப்பு விட்டுப்போய், அம்மாவிடம் ஒரு சண்டையும் போட்டுவிட்டு, அன்றைக்கு ராத்திரிதான் யூடியூபைத் திறந்து முதல்முறையாக மூச்சுப் பயிற்சி தேடுகிறோம். நாற்று விடாமல் நடவுக்கு ஆள் கூப்பிடுவது மாதிரி இது. உடம்பு நன்றாக இருக்கும் நாட்களில் பழகினால்தான் படுத்தும் நாட்களில் அது கைகொடுக்கும். 1990இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழு வெளியிட்ட ஐந்து மாத ஆய்வில் ஒரு பிரிவுப் பெண்கள் தினம் இரண்டு வேளை தளர்வுப் பயிற்சி செய்தார்கள். அந்த நேரத்தில் வெறுமனே புத்தகம் படித்தவர்களைவிட இவர்களுக்குத் தொல்லை அதிகமாகக் குறைந்தது, அதிலும் ரொம்ப அவதிப்பட்டவர்களுக்கு நல்ல பலன். ஆய்வே ஐந்து மாதம் நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

எந்த நாளில் என்ன செய்கிறது என்று குறித்து வைக்காததும் இதோடு சேர்ந்த தவறுதான். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே போதும்: தலைவலி, அழுகை, தூக்கமின்மை என்று ஒரு சொல் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் எழுதினால் உங்கள் உடம்பின் கணக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும், டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்.

அடுத்தது மூச்சு. "நல்லா இழுத்து விடு" என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக நெஞ்சைத் தூக்கித் தூக்கி வேகமாக இழுப்பார்கள். அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே போய்த் தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மரத்துப் போகும், படபடப்பு இன்னும் கூடும். வயிற்றில் ஒரு கையை வையுங்கள், இழுக்கும்போது கை மெல்ல எழ வேண்டும். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும், அதையும் முக்கி முனகித் தள்ள வேண்டாம். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியை இந்த நாட்களில் அமைதிக்காகச் செய்கிறேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது உடம்பைச் சுறுசுறுப்பாக்கும் பயிற்சி, தளர்த்துவதற்கானது இல்லை.

தசையை இறுக்கித் தளர்த்தும் முறை இருக்கிறது, அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் சுமார் நூறு வருடங்களுக்கு முன் வகுத்தது. பாதத்தில் ஆரம்பித்து கெண்டைக்கால், தொடை, கை, தோள், முகம் என்று ஒவ்வொரு பகுதியாக ஐந்தாறு நொடி இறுக்கி, சட்டென்று விட்டு, இருபது முப்பது நொடி சும்மா இருக்க வேண்டும். நம்மவர்கள் பல்லைக் கடித்து, மூச்சையும் அடக்கி, முழு பலத்தோடு இறுக்குகிறார்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பாதி பலம் போதும். விட்ட பிறகு வரும் அந்தத் தளர்ச்சியைக் கவனிப்பதுதான் பயிற்சியே, அதை அவசரமாகத் தாண்டிப் போனால் மிஞ்சுவது வெறும் கை கால் அசைவுதான். அடிவயிறு வலித்தால் அந்தப் பகுதியை இறுக்காமல் விட்டுவிடுங்கள். கண்ணை மூடினால் பயமோ பழைய நினைவோ வந்து நெஞ்சை அடைக்கிறது என்றால் கண்ணைத் திறந்தே செய்யலாம், ஒன்றும் குறையாது.

வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு செய்யாதீர்கள். சாயங்காலம் இரண்டாவது டம்ளர் டிகிரி காபியைக் குடித்துவிட்டு "படபடப்பு அடங்கவே மாட்டேங்குது" என்றால் எப்படி அடங்கும்?

வயலில் நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்டவர்கள், "உழைக்கிற உடம்புக்குத் தனியா எதுக்குப் பயிற்சி?" என்பார்கள். உழைப்பு வேறு, தளர்வு வேறு. வீட்டுக்கு வந்ததும் தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேல் வைத்துப் பத்து நிமிடம் கிடந்தாலே இடுப்பு கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யும் தவறும் உண்டு. தனி அறை எத்தனை வீட்டில் இருக்கிறது? திண்ணையோ மொட்டை மாடியோ, பதினைந்து நிமிடம் அந்தப் பெண்ணை யாரும் கூப்பிடாமல் விடுங்கள், தண்ணீர் எடுத்து வா என்று நடுவில் குரல் கொடுக்காதீர்கள். அவள் கோபமாக ஒரு நியாயம் கேட்கும்போது "போய் மூச்சுப் பயிற்சி செய்" என்று வாயை அடைப்பது ரொம்பத் தப்பு. கோபத்தில் கேட்டாலும் கேள்வி கேள்விதான். இன்னும் சில வீடுகளில் மாதவிலக்கு நாட்களில் கொல்லைப்பக்கம் ஒதுக்கி உட்கார வைத்துவிட்டு அதையே ஓய்வு என்கிறார்கள். ஒதுக்கி வைப்பது ஓய்வு ஆகாது.

கடைசியாக, பயிற்சியை நம்பி டாக்டரைத் தள்ளிப் போடுவது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாதம் முழுக்கச் சோர்வு, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் அது இரத்தசோகையாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். மாதாமாதம் படிப்பும் வேலையும் நின்றுபோகிற அளவுக்கு மனசு உடைகிறது என்றால் அது பி.எம்.டி.டி. என்ற, பி.எம்.எஸ்.ஸின் கடுமையான வகையாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. தஞ்சாவூர் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் காட்டலாம், அந்தக் காலண்டரையும் எடுத்துப் போங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்: அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.