ஜப்பானிய மரஅச்சுப் படம் வாங்கப் போகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

"இது ஒரிஜினல்தானே?" ஜப்பானிய மரஅச்சுப் படத்துக்கு முதன்முதலாக விலை கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். விற்பவரும் சளைக்காமல் "ஆமாம்" என்பார். பல நேரம் அவர் பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டார். கோளாறு கேள்வியில் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலைப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டி-ஷர்ட், மொபைல் கவர் என்று எங்கே பார்த்தாலும் கண்ணில் படுகிற அதே அலைதான். அதற்கு மூல ஓவியம் என்று ஒன்று எந்த மியூசியத்திலும் கிடையாது. ஹொக்குசாய் மெல்லிய தாளில் வரைந்து கொடுத்ததைச் செதுக்குபவர் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்கிவிடுவார். வரைந்த தாள் அதோடு போயிற்று. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை செதுக்கி, அச்சிடுபவர் தாள் தாளாக எடுப்பார். முதல் போட்டு இவர்கள் எல்லாரையும் வேலை வாங்கியவர் பதிப்பாளர். 1831 வாக்கில் அந்தக் கட்டைகளிலிருந்து வெளிவரத் தொடங்கிய தாள்கள்தான் படைப்பு. அப்போது ஒரு வேளை நூடுல்ஸ் சாப்பிடும் காசுக்கு அவை கிடைத்தன. இன்று எஞ்சியிருப்பவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களை பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வாளர் கபுசின் கோரன்பெர்க் தேடிக் கணக்கெடுத்திருக்கிறார். எல்லாமே ஒரிஜினல்தான். ஆனால் எல்லாம் ஒன்று போல இல்லை.

எனவே "ஒரிஜினலா" என்று கேட்டு நிறுத்திவிடுவதுதான் முதல் தவறு. எந்தக் கட்டை, எப்போது எடுத்தது, அதற்கப்புறம் இந்தத் தாளுக்கு என்னென்ன நேர்ந்தது என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். ஓவியர் உயிரோடு இருந்தபோது அச்சானது ஒரு வகை. அதே கட்டைகள் தேய்ந்த பிறகு எடுத்தது இன்னொரு வகை. பழைய தாளைப் பார்த்துப் புதுக் கட்டை செதுக்கி, பழைய முறையிலேயே கையால் அச்சிட்டது மூன்றாவது. கடைசியில் இயந்திர அச்சு. இந்த நான்கையும் ஒரே பெயரில், ஒரே ஓவியரின் படம் என்று விற்கலாம். விலையோ சில நூறு ரூபாயிலிருந்து கோடிகள் வரை போகும். 2023 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பேரலையின் நல்ல தாள் ஒன்று 27 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதே படத்தின் கையச்சு மறுபதிப்பை டோக்கியோவில் சாதாரணச் சம்பளக்காரரே வாங்கிக்கொண்டு போகலாம்.

வித்தியாசம் எங்கே தெரியும்? பேரலையின் இடது மேல் பக்கத்தில் தலைப்பு எழுதிய கட்டம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி இரட்டைக் கோடு. முதலில் அச்சான தாள்களில் அந்தக் கோடு எங்கும் அறுபடாமல் ஓடும். அச்சடிக்க அச்சடிக்க மரத்தில் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய வரம்பு தேய்ந்தும் உடைந்தும் போக, பிந்திய தாள்களில் கோட்டில் முறிவு விழுந்திருக்கும். வானத்தை உற்றுப் பாருங்கள். நல்ல தாளில் மெலிதான மேகம் தெரியும். பலவற்றில் அது மங்கிக் காணாமலே போயிருக்கும். மறுசெதுக்கலில் இன்னொரு விதமான வித்தியாசம் வரும். கோடு முழுசாகவே இருக்கும், ஆனால் அலை நுரையின் துளிகள் இம்மியளவு இடம் மாறியிருக்கும், வளைவில் ஒரு விறைப்பு தட்டும். இதற்கெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தாள் வேண்டும். வாங்கத் தோன்றுகிற படத்தை பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம், பாஸ்டன் நுண்கலை மியூசியம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் தேடிப் பாருங்கள். இரண்டு தாள்களை அருகருகே திரையில் வைத்து அரை மணி நேரம் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பொழுதுபோக்கையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

இரண்டாவது பெரிய தவறு, முன்பக்கத்தை மட்டும் பார்ப்பது. எனக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஜப்பானியத் தாள் கோசோ என்ற செடியின் நாரிலிருந்து செய்யப்படுவது. மெல்லியது, ஆனால் இழுத்தால் லேசில் கிழியாது. நிறங்கள் தண்ணீரில் கரைத்தவை. அச்சிடுபவர் கட்டையின் மேல் தாளை வைத்து, மூங்கில் மடலால் பொதிந்த ‘பாரென்’ என்ற வட்டத் தட்டால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார். அந்த அழுத்தத்தில் நிறம் நாருக்குள் இறங்கி மறுபக்கம் வரை ஊறிவிடும். பின்பக்கத்தைத் திருப்பினால் படத்தின் மங்கலான நிழலும், சில இடங்களில் பாரென் தேய்த்த வட்ட வரிகளும் தெரிய வேண்டும். இயந்திரத்தில் அச்சானதன் முதுகு வெறும் வெள்ளையாக இருக்கும். முன்பக்கத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், ஆப்செட் அச்சில் பத்திரிகைப் படம் போலப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். மரஅச்சில் நிறம் ஒரே பரப்பாகப் படிந்திருக்கும். ஆனால் புள்ளி இல்லை என்பதற்காக மகிழ்ந்துவிட வேண்டாம். கொலோடைப் என்ற பழைய அச்சுமுறையிலும் புள்ளி வராது. அப்போதும் காட்டிக்கொடுப்பது முதுகுதான்.

கையச்சு மறுபதிப்பை இந்தச் சோதனை பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கும் கோசோ தாள், அதற்கும் பாரென். டோக்கியோவில் அடாச்சி போன்ற பட்டறைகள் ஹொக்குசாய், அவர் காலத்து இன்னோர் ஓவியர் ஹிரோஷிகே ஆகியோரின் படங்களைப் புதிதாகச் செதுக்கி, மறுபதிப்பு என்று சொல்லியே நேர்மையாக விற்கின்றன. எப்படி அச்சிடுகிறார்கள் என்று புரிந்துகொள்ள அப்படி ஒன்றை வாங்குவதில் தப்பே இல்லை. பட்டறையின் குறி இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு, தேநீர்க் கறை போட்டு, கைமாறிக் கைமாறி ‘19-ஆம் நூற்றாண்டு’ ஆகிவிட்ட தாள்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

கையெழுத்தை நம்புவது அடுத்தது. ஜப்பானில் குருவின் பெயரைச் சீடர் ஏற்றுக்கொள்வது வழக்கம். முதல் ஹிரோஷிகே 1858-இல் இறந்தார். அவருடைய சீடரும் அதே பெயரில் 1860-களில் படம் போட்டார். இன்னோர் ஓவியர் குனிசாதா 1844-இல் குருவின் பெயரான தொயோகுனி என்பதைத் தனக்குச் சூட்டிக்கொண்டார். ஹொக்குசாயோ வாழ்நாளில் முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களை மாற்றியவர். கையெழுத்து படத்தோடு சேர்த்துக் கட்டையில் செதுக்கப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதை யாரும் பேனாவால் போடவில்லை.

கையெழுத்தைவிட உதவுவது தணிக்கை முத்திரை. அரசாங்க அனுமதி இல்லாமல் படம் வெளியிட முடியாத காலம் அது. 1791 முதல் 1842 வரை ‘கிவாமே’ என்ற சின்ன வட்ட முத்திரை. 1847-க்கும் 1852-க்கும் நடுவே தணிக்கையாளர் இருவரின் பெயர் முத்திரைகள் ஜோடியாக. அதற்கப்புறம் வந்தவற்றில் (எலி, எருது என்று பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழன்று வரும்) விலங்கு ஆண்டையும் மாதத்தையும் சொல்கிற முத்திரை. இவற்றைப் படிக்க ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை, ஒரு பட்டியலை அருகில் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். ‘ஹிரோஷிகே’ என்று கையெழுத்திட்ட படத்தில் 1860-ஆம் ஆண்டு முத்திரை இருந்தால் அது சீடருடையது, அவ்வளவுதான். ஆனால் மறுசெதுக்கல் செய்பவர் முத்திரையையும் சேர்த்தே செதுக்குவார். முத்திரை காட்டுவது படம் எப்போது வெளியானது என்பதைத்தான். உங்கள் கையில் இருக்கும் தாள் எப்போது அச்சானது என்பதை அது சொல்லாது.

‘12/100’ என்று பென்சிலில் எண் போட்டிருக்கிறதா என்று தேடுகிறவர்களும் உண்டு. எடோ காலத்துப் படங்களில், அதாவது 1868-க்கு முந்தியவற்றில், அதெல்லாம் இல்லை. விற்கிற வரை அச்சடித்தார்கள்.

20-ஆம் நூற்றாண்டுப் படங்களில் ஓரம் முக்கியம். ஓவியர் கவாசே ஹாசுயி வரைந்த மழையும் பனியும் இன்று எல்லாருக்கும் பிடிக்கின்றன. அவற்றை வெளியிட்டவர் வதனபே ஷோசபுரோ. 1923 செப்டம்பர் 1 பூகம்பத்திலும் தீயிலும் அவருடைய கடை, கட்டைகள், இருப்பு எல்லாம் போய்விட்டன. ஹாசுயியின் ஸ்கெட்ச் புத்தகங்களும் தப்பவில்லை. ஆகவே அதற்கு முந்திய தாள்கள் அரிது, விலையும் அதிகம். பிந்தியவற்றில் வதனபே நிறுவனம் காலத்துக்குக் காலம் வேறு வேறு முத்திரை வைத்தது. 6 மில்லிமீட்டர் வட்ட முத்திரை என்றால் 1946 முதல் 1957 வரை, அதாவது ஹாசுயி இறந்த ஆண்டு வரை, அச்சானது. அவர் மறைந்த பிறகும் அதே கட்டைகளிலிருந்து படங்கள் வந்துகொண்டிருந்தன. படச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தைக் கத்தரித்த தாளை வாங்கினால் இந்தத் துப்பு எதுவும் உங்களுக்கு மிஞ்சாது.

அதே காலத்து ஓவியர் யோஷிதா ஹிரோஷியின் படங்களில் இது இன்னும் கறார். அவர் இந்தியா வந்து சுற்றி, 1931-32-இல் தாஜ்மகால், அமிர்தசரஸ், காசி என்று ஒரு வரிசை வெளியிட்டார். மதுரைக் கோயிலும் அதில் உண்டு. நம் ஊர் ஆட்கள் அவரைத் தேடிப் போவதற்கு அதுவே போதும். அவர் தன் மேற்பார்வையில் அச்சிட்டவற்றின் இடது ஓரத்தில் ‘ஜிசுரி’ (தானே அச்சிட்டது) என்ற முத்திரை இருக்கும். 1950-இல் அவர் இறந்த பிறகு குடும்பத்தார் எடுத்த தாள்களில் அது இல்லை, பென்சில் கையெழுத்துக்குப் பதில் முத்திரையாகக் குத்திய கையெழுத்து இருக்கும். இரண்டுமே அழகானவைதான். ஆனால் இரண்டாவதை முதலாவதன் விலைக்கு வாங்கக் கூடாது.

நிறத்தைப் பற்றிய தப்பெண்ணம் இரண்டு திசையிலும் வரும். 1760-களில் ஹருநோபு போட்ட படங்களின் இளம் பழுப்பு வானத்தைப் பார்த்து "ஆகா, என்ன அடக்கமான நிறம்" என்பார்கள். அந்த வானம் ஒரு காலத்தில் நீலம். பூவிலிருந்து எடுத்த நீலமும் குசும்பப் பூவின் சிவப்பும் வெளிச்சத்துக்குத் தாங்காமல் ஓடிப்போயின. நிறம் எப்படி இருந்தது என்று காட்ட பாஸ்டனில் ஒரு தொகுப்பு இருக்கிறது. ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921-இல் சுமார் 6,500 தாள்களைக் கொடுத்தபோது, எந்நாளும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அதனால்தான் நிறம் பிழைத்தது. மறுதிசையில், மெய்ஜி காலத்தில் (1868–1912) வந்த செயற்கைச் சாயத்தின் பளீர் சிவப்பைப் பார்த்துப் போலி என்று ஒதுக்குவார்கள். அது அந்தக் காலத்தின் நிறமேதான். சந்தேகப்பட வேண்டியது, 18-ஆம் நூற்றாண்டுத் தாளில் எல்லா நிறமும் நேற்று அடித்தது போல இருந்தால். மங்கிய தாளில் புதுக் கட்டை செதுக்கி மேலே நிறம் ஏற்றி விற்றதும் நடந்திருக்கிறது. கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் இந்தப் படங்களின் பெரிய வியாபாரியும்கூட. அவர் அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு விற்றவற்றில் அப்படிப்பட்டவை இருந்தது பின்னால் தெரியவந்து, சொந்தத் தொகுப்பிலிருந்து ஈடு கொடுத்தார்.

அரைப்படத்தை முழுப்படமாக வாங்குவதும் சாதாரணம். மூன்று தாள் சேர்ந்த படங்கள் ஏராளம். படகின் பாதி, நீட்டிய வாளின் நுனி மட்டும் ஓரத்தில் தெரிந்தால் மற்ற தாள்கள் வேறெங்கோ இருக்கின்றன. நடுவில் மடிப்பு இருந்தால் அது புத்தகத்திலிருந்து கழற்றிய பக்கமாக இருக்கலாம். ஹொக்குசாயின் ‘மாங்கா’ என்ற ஸ்கெட்ச் புத்தகம் 15 தொகுதிகள், அதன் பக்கங்கள் சந்தையில் ஏகமாகத் திரிகின்றன.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்யும் தவறுகள்தான் வயிற்றெரிச்சல். லேமினேட் செய்வது, பின்னால் செலோடேப் ஒட்டுவது, அட்டையில் பெவிகால் தடவி ஒட்டுவது ஆகிய மூன்றும் தாளைக் கொன்றுவிடும். சட்டம் போடும் கடையில் அமிலமற்ற அட்டை கேளுங்கள், கண்ணாடி தாளைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். தாளை மாட்ட, மேல் ஓரத்தில் இரண்டு சிறு ஜப்பானியத் தாள் கீல்களைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டினால் போதும், நாளைக்கு ஈரம் காட்டி எடுத்துவிடலாம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். அந்த ஈரத்தில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழை நாளில் அதுவே வியர்க்கும். நேர்வெயில் படும் சுவர் கூடவே கூடாது. நான் சொல்வது, சில மாதம் மாட்டிவிட்டு இறக்கி, அட்டைப் பெட்டியில் படுக்கையாக வைத்து, வேறொன்றை மாட்டுவது.

முதலில் எதை வாங்கலாம் என்றால், ஹொக்குசாயைத் துரத்த வேண்டாம். குனிசாதா வாழ்நாளில் போட்ட படங்கள் பல ஆயிரம். அவருடைய கபுகி நாடக நடிகர் படங்களில் ஒற்றைத் தாள் இன்னும் சாமானியர் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. இரண்டு மூன்றைக் கையில் வைத்துப் பழகினால் தாளும் நிறமும் விரலுக்குத் தெரிந்துவிடும். விற்பவரிடம் மூன்று போட்டோ கேளுங்கள்: பின்பக்கம், நான்கு ஓரமும் தெரிகிற முழுத் தாள், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த ஒன்று. மூன்றாவதில்தான் ஒட்டுப்போட்ட இடமும் புழு அரித்த ஓட்டையும் தெரியும். அளவையும் சென்டிமீட்டரில் கேளுங்கள். ‘ஓபான்’ தாள் ஏறத்தாழ 38க்கு 25. பேரலையே அவ்வளவுதான். ‘ஓபான்’ என்று சொல்லி விற்கிற தாள் அளந்தால் அதைவிட நிறையச் சின்னதாகவோ பெரிதாகவோ இருக்கிறது என்றால் விளக்கம் கேளுங்கள். பின்பக்கப் படத்தை அனுப்பத் தயங்குகிறவரிடம் பேரம்கூடப் பேச வேண்டாம்.