ஆபீஸ்ல உக்காந்து ஆப் பண்ணா இப்படித்தான் ஆகும்

ஒரு ஆஸ்பத்திரிக்கு டோக்கன் போடுற ஆப் பண்ணிக் குடுத்தோம், பேர் வேண்டாம். ஆபீஸ்ல எட்டு பேர் ட்ரை பண்ணி சூப்பர்னு சொல்லிக்கிட்டோம். ஒரே ஒரு மொபைல் நம்பர்ல இருந்து தினமும் முப்பது நாப்பது டோக்கன் விழவும், யாரோ ஏஜென்ட் உள்ள பூந்துட்டான்னு நினைச்சு நேர்ல போய் பார்த்தா அது வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் அண்ணன். வர்றவங்களுக்கெல்லாம் அவர்தான் தன் போன்ல போட்டுக் குடுத்துட்டு இருந்தாரு.

ஏன்னு வெயிட்டிங் ஹால்ல உக்காந்து பார்த்தேன். ஒரு அம்மா பேரை அடிச்சாங்க, அடுத்த கட்டம் லாஸ்ட் நேம் கேக்குது, நம்ம ஊர்ல பாதி பேருக்கு ஏதுங்க லாஸ்ட் நேம், அவங்க இனிஷியலை போட்டாங்க, குறைஞ்சது ரெண்டு எழுத்து வேணும்னு சிவப்புல திட்டுது. இனிஷியலையே ரெண்டு தடவை அடிச்சு உள்ள போனாங்க. அப்புறம் ஓடிபி. அது மகன் போனுக்கு போகுது, மகன் வேலையில இருக்கான், நாங்க குடுத்த டைம் 30 செகண்ட். அவ்ளோதான், எந்திரிச்சு அண்ணன்கிட்ட போயிட்டாங்க.

இதுல நாங்க பண்ண பெரிய தப்பு, முன்னாடியே சில பேர்கிட்ட ஆப்பை காட்டி "நல்லாருக்கா"ன்னு கேட்டது. நம்ம ஆளுங்க மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லன்னு சொல்லவே மாட்டாங்க, "நல்லாருக்கு தம்பி"ன்னுதான் வரும். கேக்காதீங்க, ஒரு வேலையை குடுத்துட்டு வாயை மூடிட்டு பாருங்க, விரல் எங்க தயங்குதுன்னு பாருங்க. நூறு பேர்லாம் வேண்டாம், ஆப், வெப்சைட்லாம் ஜனங்களுக்கு எவ்ளோ சுலபமா இருக்குன்னு ஆராய்ச்சி பண்ற ஜேக்கப் நீல்சன் 2000-லயே எழுதிட்டாரு, அஞ்சு பேரை வச்சு பார்த்து, சரி பண்ணி, திரும்ப வேற அஞ்சு பேர்.

யூசருக்கு கவனம் பத்தலன்னு சொல்றது அடுத்த தப்பு. பழைய ஏடிஎம் பலதுல பணம் முதல்ல வரும், கார்டு அப்புறம், பணம் கைக்கு வந்ததும் வந்த வேலை முடிஞ்சுதுன்னு கார்டை விட்டுட்டு போயிடுவாங்க. கார்டை எடுத்தாதான் பணம்னு மாத்துனதும் அது ரொம்ப குறைஞ்சுது. மாறுனது மெஷின், மனுஷன் அதே மனுஷன்தான்.

தப்பு நடந்தா திருத்த வழியும் வேணும். 2018 ஜனவரி 13 ஹவாய்ல ஏவுகணை வருதுன்னு எல்லார் போனுக்கும் தப்பா அலர்ட் போயிடுச்சு, அது பொய்னு போனுக்கு திருத்தம் வர 38 நிமிஷம் ஆச்சு, ஏன்னா அப்படி ஒரு மெசேஜை யாரும் முன்கூட்டியே ரெடி பண்ணி வைக்கல.

சின்னச் சின்ன விஷயம் சில: ஆண்ட்ராய்டுல பட்டன் 48 டிபிக்கு (டிபின்னா ஸ்கிரீன்ல அளவு சொல்ற யூனிட்) குறையக் கூடாது, எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், 4.5:1 ஆவது இருக்கணும், வெளிர் சாம்பல் எழுத்து வெயில்ல சுத்தமா தெரியாது. அப்புறம் இங்கிலீஷ்ல டிசைனை முடிச்சுட்டு கடைசி நாள் தமிழை ஊத்துனீங்கன்னா "சமர்ப்பிக்கவும்" பட்டன்ல "சமர்ப்பி…"ன்னு நிக்கும், ழு, மூ எல்லாம் அடி வெட்டுப்பட்டு தெரியும்.

லாஸ்ட் நேமை தூக்கிட்டோம், ஓடிபி டைமை அஞ்சு நிமிஷம் ஆக்குனோம். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட காட்டுனேன். கையை நீட்டி போனை தூரமா வச்சு பார்த்தாரு, "எழுத்தை பெருசாக்கலையா தம்பி, எனக்கே கண்ணாடி வேண்டியிருக்கு"ன்னாரு.